ரிலீவர் வராத கட்டம்

அன்று எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர்.

வார விடுப்பில் வீட்டிலிருந்த அப்பா. நிமிடத்துக்கொரு தரம் அடுக்களையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. எதிர்வீட்டு வேலாயுதம் அண்ணன். அவர் மனைவி ராசாத்தி அக்கா. சிவகாசியிலிருந்து வந்திருந்த அச்சகத்துக்காரர் தங்கமாரியப்பன். ஆறாவதாக நான். ராசாத்தி அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையைச் சேர்த்தால் ஏழு. ஆனால் அது ஆடவில்லை.

இவ்வளவு திருத்தமாகச் சொல்ல முடிவதற்கு ஞாபகசக்தி காரணமில்லை. பயம்தான் காரணம். ஓர் அறைக்குள் நுழைந்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் இன்னும் வந்து சேரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். இந்தப் பத்தியை எழுதுவதற்குள்கூட எழுந்து போய் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைந்துதான் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தரையில் கோரைப்பாய். பாயின் நடுவில் நான் செய்த அட்டை. பழைய காலண்டர் அட்டைகளை மைதாப் பசையால் ஒட்டி, மேலே வெள்ளைத்தாள் போர்த்தி, வாட்டர்கலரில் தீட்டியது. பசை வாசனை அறை முழுக்க இருந்தது. ஊதுபத்தி கொளுத்தியும் போகவில்லை.

விளையாட்டின் பெயர் ‘சம்பள நாள்’.

இதுவும் போனால்

அதற்கு முன்பு மூன்று கம்பெனிகளுக்கு என் விளையாட்டுகளைத் தபாலில் அனுப்பியிருந்தேன். மூன்றும் திரும்பி வந்தன. ஒன்று மூலை மடங்கி வந்தது. இன்னொன்றில் பகடைக் கட்டையைக் காணவில்லை. அதையாவது எடுத்து விளையாடிப் பார்த்திருக்கிறார்கள் என்று நான் ஒரு வாரம் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அம்மா பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் கணக்கு இருக்கிறதே. “வசந்தா, இந்தச் சிவகாசிக்காரர் வந்து பாத்துட்டுப் போகட்டும். இதுவும் போச்சுன்னா அட்டையெல்லாம் பரண்ல ஏத்திடு. தையல் கிளாஸுக்குப் பணம் கட்டிடுவோம். சரியா?” என்று கேட்டுவிட்டாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தையல் கேவலமான வேலை என்று நான் நினைக்கவில்லை. கிளாஸ் காலையில் தொடங்கிச் சாயங்காலம் முடியும். அதுதான் பிரச்சினை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில், எங்கள் தெரு கண்ணுக்குத் தெரியாத ஓர் அறையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அது என்னால் ஆகாத காரியம். பள்ளிக்கூடமே அதனால்தான் நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கட்டம் போடுவது.

முந்திரிக்கொட்டைக் காய்கள்

காய்களுக்கு முந்திரிக்கொட்டைகளை எடுத்து ஆளுக்கொரு வண்ணம் அடித்திருந்தேன். வேலாயுதம் அண்ணனுக்குக் கம்மாபுரம் பக்கம் சொந்த ஊர். நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனதில் அவருக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்தது. மிச்சமிருந்த மேட்டில் நாலைந்து முந்திரி மரங்கள். சீசனில் ஒரு பை நிறைய எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

பச்சைக் கொட்டையின் எண்ணெய் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். அதனால் வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்து, இரண்டு கோட் பெயிண்ட் அடித்திருந்தேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. சிவகாசிக்காரர் காயைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும்? அவர் உட்கார்ந்ததிலிருந்து அவர் முகத்தைவிட அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கமாரியப்பன் அறுபதை நெருங்கியவர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் நாலு பேனா. காலண்டரும் பாம்புப்படமும் தாயக்கட்டமும் அச்சடித்துத் திருவிழாக் கடைகளுக்கு அனுப்புகிறவர். வந்ததுமே சொல்லிவிட்டார்.

“தாயி, எனக்கு அஞ்சு மணி பஸ். விருத்தாசலம் போயி ரயிலப் பிடிக்கணும். விளையாட்டுன்னா அரைமணியில ஒருத்தன் ஜெயிக்கணும். அம்புட்டுதான் நமக்குக் கணக்கு.”

“அரைமணிக்குள்ள முடிஞ்சிடும் ஐயா” என்றேன். முடியும் என்றுதான் நம்பினேன். தனியாக எல்லாக் காய்களையும் நானே நகர்த்தி ஆடிப் பார்த்தபோது முடிந்ததே.

விதிகள் எளிமையானவை. குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்ப வேண்டும். வழியில் கரி வெட்டும் மைன்ஸ், கரண்ட் எடுக்கும் தெர்மல் என்று இரண்டு வேலைக் கட்டங்கள். ஏதாவது ஒன்றில் ஒருமுறை தங்கினால் ஐம்பது ரூபாய் சம்பளம். அதை வைத்து ரேஷன், காய்கறி, ஸ்கூல் பீஸ் மூன்றையும் முடித்துக்கொண்டு முதலில் வீடு திரும்புகிறவர் ஜெயித்தவர். கையில் காசில்லையென்றால் தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்கலாம். சம்பளத்துக்குச் சம்பளம் இருபது ரூபாய் பிடித்துவிடுவார்கள். கடன் பாக்கி வைத்துக்கொண்டு வீட்டுக் கட்டத்துக்குள் நுழைய முடியாது.

கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தை வெட்டி நோட்டாக்கியிருந்தேன். அவர்கள் ஐந்து பேர் ஆட, சொசைட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

அப்பா வாங்கிய கம்மல்

எந்த விளையாட்டிலும் ஓர் ஏமாற்றுக் கட்டம் வைப்பது என் வழக்கம். இதில் அது நகைக்கடை. பார்க்க ரொம்ப அழகாக, தங்கநிறத் தாள் ஒட்டி வைத்திருந்தேன். ‘மகளுக்குக் கம்மல், விலை நூற்று அறுபது’ என்று எழுதியிருந்தேன். வாங்கினால் ஒரு பயனும் இல்லை. ஆசைப்பட்டவன் கடனில் மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான்.

அப்பாவின் மஞ்சள் கொட்டை இரண்டாவது உருட்டலிலேயே நகைக்கடையில் போய் நின்றது.

“பாப்பா, சொசைட்டியில நூத்தி அறுபது குடு.”

“எதுக்குப்பா?”

“கம்மலுக்குத்தான்.”

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். “அப்பா, அது சும்மா ஏமாத்துக் கட்டம். வாங்கவேண்டாம். தாண்டிப் போயிடலாம்.”

“அதான் கட்டத்துல எழுதியிருக்குல்ல, மகளுக்குன்னு.”

“வாங்கினா தோத்துடுவீங்கப்பா.”

“சரி, குடு.”

அம்மா சிரித்துவிட்டாள். “நெசத்துல கேட்டா அடுத்த போனஸ், அடுத்த போனஸும்பாரு. காகிதக் காசுன்னதும் கை தாராளமாப் போகுது பாருங்க அண்ணாச்சி.”

தங்கமாரியப்பனும் சிரித்தார். நான் எட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்து அப்படியே திருப்பி வாங்கிப் பெட்டியில் போட்டேன். அப்பா மைன்ஸ் பெல்ட்டில் ஆபரேட்டர். தோண்டிய மண்ணும் கரியும் மைல்கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட்டின் ஓரத்தில் ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் எட்டு மணிநேரம் நிற்கும் வேலை. அதிகம் பேசமாட்டார். பெல்ட் சத்தத்துக்குள் கத்திக் கத்தி, வீட்டுக்கு வரும்போது பேச்சு தீர்ந்துபோயிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த அளவுக்கு ஆட்டம் நன்றாகத்தான் போனது. சிக்கல் வேலாயுதம் அண்ணனிடமிருந்து வந்தது.

“மிஷின யாரு பாத்துக்குவா?”

அண்ணனின் சிவப்புக் கொட்டை தெர்மலுக்குள் போனது. ஒரு சுற்றுத் தங்கியது. சம்பளம் கொடுத்தேன். அடுத்த சுற்றில் அவர் கட்டையை உருட்டினார். ஐந்து விழுந்தது. ஐந்து கட்டம் தள்ளினால் நேரே ரேஷன் கடை.

அவர் காயைத் தொடவேயில்லை. கட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

“அண்ணே, அஞ்சு விழுந்திருக்கு. காய எடுங்க” என்றேன்.

“எங்க எடுக்குறது பாப்பா? ரிலீவர் வரலியே.”

“இதுல அந்த மாதிரி ரூல் இல்லண்ணே. நீங்கபாட்டுக்கு வெளிய வரலாம்.”

“ரூலு இல்லன்னா? மிஷினு ஓடிகினு இருக்குது. அத யாரு பாத்துக்குவா?”

“இது அட்டைதானே அண்ணே.”

“அட்டையா இருந்தா இன்னா? உள்ள நிக்கிறது நானுல்ல.”

ராசாத்தி அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே, “அதான, வுட்டுட்டு வந்தா சார்ஜ் ஷீட்டு குடுப்பானுங்க. அது நிக்கட்டும். நீங்க போடுங்கக்கா” என்றார். அம்மாவும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டையை உருட்டினாள். அப்பா தலையாட்டினார்.

நான்கு பேரும் சேர்ந்து, நான் எழுதாத ஒரு விதியை எந்தப் பேச்சும் இல்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் அந்தக் கட்டத்துக்கு வரும்வரை அவர் வெளியே வரமுடியாது. எத்தனை விழுந்தாலும் சரி.

தங்கமாரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ன தாயி, காய நகத்தவே மாட்டேங்கிறாக? சந்தையில ஒருத்தன் அட்டைய வாங்கிட்டுப் போயி இப்படி உக்காந்துகிட்டா, காச நம்மகிட்டல்ல திருப்பிக் கேப்பான்?”

நான் தையல் மிஷினின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

சங்கு ஊதியபின்

ரிலீவர் என்றால் என்ன என்று டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் சங்கு ஊதும். ஆனால் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போய்விட முடியாது. உங்கள் இடத்தில் நிற்க அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சேரவேண்டும். அவர்தான் ரிலீவர். அவர் பஸ்ஸைத் தவறவிட்டால், அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஊரிலிருந்து திரும்பாவிட்டால் நீங்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பெல்ட்டை நிறுத்த முடியாது.

வீட்டிலிருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. போன் கிடையாது. சங்கு கேட்கும். பஸ் வரும். தெருவில் ஒவ்வொருவராகப் போவார்கள். செம்மண் படிந்த பூட்ஸ், தூக்குவாளி, ஹெல்மெட் அழுத்திய முடி. அதில் நம் ஆள் மட்டும் இருக்கமாட்டார்.

மற்ற வீடுகளில் சோற்றை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். என்னால் முடிந்ததில்லை. அப்பாவுக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று என் மனசு வரிசையாகப் படம் போடும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சங்கு ஊதியதும் பையைக்கூட எடுக்காமல் வகுப்பிலிருந்து எழுந்து ஓடிவந்துவிட்டேன். அப்பா வீட்டில் இல்லை. வாசலிலேயே நின்றேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் உள்ளே போகவில்லை. அப்பா வரும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது. சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்து, “ரிலீவர் வரலம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

அதற்குப் பிறகு காலையில் யூனிபார்மைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். டாக்டர் பூச்சிமாத்திரை கொடுத்தார். கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நின்றுவிட்டேன். அப்பா திட்டவில்லை. மறுநாள் ஷிப்டிலிருந்து வரும்போது ஸ்டோரில் இரண்டு சார்ட் பேப்பர்களை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்தார். “உக்காந்திருக்கிற நேரத்துக்கு ஏதாவது வரை” என்றார்.

நான் வரைந்த முதல் படம் எங்கள் தெரு. இரண்டாவதில் தெருவைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தேன். ஆர்ச் கேட்டில் ஒரு கட்டம், பஸ் ஸ்டாப்பில் ஒரு கட்டம், பிள்ளையார் கோயிலில் ஒன்று, வீடு வரைக்கும். அப்பா இப்போது இந்தக் கட்டத்தில் இருப்பார், இப்போது இந்தக் கட்டத்துக்கு வந்திருப்பார் என்று புளியங்கொட்டையை நகர்த்திக்கொண்டே இருப்பேன். கொட்டை வீடு சேர்ந்தும் அப்பா வராவிட்டால் மறுபடி ஆர்ச் கேட்டுக்குக் கொண்டுபோய் வைப்பேன்.

என் தொழில் அங்கே தொடங்கியது. வேறு கௌரவமான தொடக்கம் எதுவும் இல்லை.

திரையோரத்தில் ஒரு புள்ளி

நடுவில் ஒரு சின்ன விலகல். பல வருஷம் கழித்து, டி.வி.யோடு இணைக்கும் கம்ப்யூட்டர்கள் வந்த காலத்தில், சென்னையில் ஒரு சிறிய கம்பெனி எனக்கு வேலை கொடுத்தது. விளையாட்டை யோசிப்பது நான். புரோகிராம் எழுதுவது ராகவன் என்ற பையன். ‘சம்பள நாள்’ திரைக்கு வந்தபோது அவன் ஒத்துக்கொள்ளவேயில்லை.

“மேடம், ஆடறவன் பட்டனை அமுக்கினா பொம்மை வெளிய வரணும். அதுதானே வீடியோ கேம்?”

“வரக்கூடாது ராகவன். மாத்தி விட ஆள் வரணும்.”

“எவ்வளவு நேரத்துல வரும்?”

“அது யாருக்கும் தெரியக்கூடாது.”

புலம்பிக்கொண்டே எழுதினான். திரையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி தோன்றும். அது ரோட்டோரமாக நகர்ந்து நகர்ந்து வரும். நடந்துவரும் ஆள் என்று தெரியும் அளவுக்குக்கூட அந்தக் கம்ப்யூட்டரில் படம் போட முடியாது. முதல்தடவை ஓட்டிப் பார்த்தபோது அவன் பட்டனை அமுக்குவதை நிறுத்திவிட்டு, நாற்காலி நுனிக்கு வந்து, அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளி தெரிந்ததும், “வந்துட்டான் மேடம்” என்றான்.

எனக்கு அது போதுமாக இருந்தது.

சைக்கிளில் வந்த ஆள்

மறுபடி கோரைப்பாய்க்கு வருவோம்.

அம்மாவின் பச்சைக் கொட்டை தெர்மலுக்கு வந்து வேலாயுதம் அண்ணனை விடுவித்தது. அண்ணன், “வாங்கக்கா, டீ குடிச்சிட்டு வர்றதுதான?” என்று கேட்டுவிட்டுத்தான் காயை எடுத்தார். அப்பாவின் மஞ்சள் கொட்டை மைன்ஸுக்குள் போனது. ஐம்பது ரூபாய் கொடுத்து இருபதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர், அப்பாவோடு வேலை செய்யும் கலியபெருமாளின் மச்சான். சட்டை முழுக்க வியர்வை.

“அண்ணே, எங்கக்காவுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரில சேத்திருக்கிறோம். மாமா காலைல போனவரு. ரெண்டு மணிக்கு வரவேண்டிய ஆளு இன்னும் வரல. யாராச்சும் வந்தா வுடுறேன்னு போர்மேன் சொல்றாரு. மாமா அங்க தவிச்சிகினு நிக்குது.”

அப்பா எழுந்துவிட்டார். பேண்ட்டை மாட்டிக்கொண்டு, பூட்ஸைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறினார். எல்லாம் ஓரிரு நிமிடம். அம்மா தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருவதற்குள் சைக்கிள் முனை திரும்பிவிட்டது.

போகும்போது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். “நீ நடத்து.”

நான் தெருவைப் பார்த்தபடி நின்றேன். இதுவரை ரிலீவருக்காகக் காத்திருக்கும் அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். வேறு யாரோ ஒருவர் பெல்ட் ஓரத்தில் நின்று அப்பா வரமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உள்ளே வந்தேன். ஆட்டம் நின்றிருந்தது. அவ்வளவுதான் என்று அட்டையை எடுக்கக் குனிந்தேன். அப்பாவின் கொட்டையைத் தொடப்போன என் கையை ராசாத்தி அக்கா தட்டிவிட்டார்.

“ஏ, அது இருக்கட்டும். ஆளு இல்லாதப்ப காய எடுக்கறதா? அண்ணன் வந்து எடுத்துக்குவாரு. நாம மைன்ஸுக்குப் போவாம தெர்மல வெச்சிகினு ஆடுவம். அண்ணாச்சி, உங்க கைதான், போடுங்க.”

அண்ணாச்சியின் பஸ்

தங்கமாரியப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உருட்டினார். அவருடைய நீலக் கொட்டை தெர்மலுக்குள் வந்து அம்மாவை விடுவித்தது. சம்பளத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காகிதக் காசை அவர் சட்டைப்பையில் வைப்பதை நான் பார்த்தேன்.

இனி யாராவது தெர்மலுக்கு வந்தால்தான் அவர் வெளியே வரலாம். அம்மா ரேஷன் கடைப் பக்கம் போய்விட்டாள். அண்ணன் ஸ்கூல் பீஸ் கட்டப் போயிருந்தார். கிட்டத்தில் இருந்தது ராசாத்தி அக்காவின் வெள்ளைக் கொட்டைதான். நாலு விழுந்தால் தெர்மல். நாலே விழுந்தது. ஆனால் திரும்பி நாலு வைத்தால் மார்க்கெட். எந்தப் பக்கமும் போகலாம் என்பது விதி.

“நான் மார்க்கெட்டு போறேன்” என்றார் அக்கா.

“தாயி, நாலு இந்தப் பக்கம் வச்சா தெர்மல்தானே?” தங்கமாரியப்பன் முன்னால் சாய்ந்தார்.

“வூட்ல தக்காளி இல்ல அண்ணாச்சி. வாங்கிகினு வந்துடுறேன்.”

“நான் ஒருத்தன் உள்ள நிக்கிறேன்ல?”

“நில்லுங்க. எங்கூட்டுக்காரரு நிக்கல?”

வேலாயுதம் அண்ணன், “சம்பளம் வாங்கும்போது இனிச்சிதா அண்ணாச்சி?” என்றார்.

அடுத்த சுற்று. அக்காவுக்கு இரண்டு விழுந்தது. வெண்டைக்காய்க் கட்டத்தில் நின்றார். தங்கமாரியப்பன் தொடையில் அடித்துக்கொண்டார். அம்மாவிடம் திரும்பி, “நீங்களாவது வாங்கம்மா. மகராசியா இருப்பீக. கடன்கூட நான் கட்டுதேன்” என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கவலையெல்லாம் அம்மாவின் சிரிப்பைப் பார்த்தால் ஒரு கணம் வழி மாறிப் போய்விடும். அன்றும் போனது.

சுவர்க்கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம். நான் கவலைப்படுகிற ஜாதி. சொல்லாமல் இருக்க முடியுமா? “ஐயா, உங்க பஸ்” என்றேன்.

“இரு தாயி. இந்தம்மா எந்தப் பக்கம் வக்கிதுன்னு பாத்துட்டுப் போறேன்.”

எழுந்து போகிறவரைத் தடுக்க அங்கே யாருமில்லை. நீலக் கொட்டை தெர்மலில்தான் நின்றது. அவர் பாயில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. தனியாக எல்லாக் காய்களையும் நானே நகர்த்தி ஆடியபோது இது எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எவரும் எனக்காக உள்ளே வரவேண்டியிருக்கவில்லையே.

ஐந்து மணி பஸ் போய்விட்டது. ராசாத்தி அக்கா தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் வாங்கி முடித்து, ஆறு போட்டு, தெர்மலுக்கு வந்து சேர்ந்தார்.

“வந்துட்டேன் அண்ணாச்சி. வூட்டுக்குப் போங்க.”

தங்கமாரியப்பன் பெரிய மூச்சு விட்டார். நீலக் கொட்டையை எடுத்து, நகர்த்தாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “விதியில அத எழுதிச் சேத்திரு தாயி. ஆளு வராம வெளிய வரப்படாதுன்னு. அச்சடிக்க அட்டைய நான் எடுத்துக்கிடுதேன்” என்றார்.

“அரைமணியில முடியலையே ஐயா.”

“முடியல. அதுக்கு என்ன இப்ப?”

அடுத்த பஸ்ஸுக்கு வேலாயுதம் அண்ணன்தான் அவரைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அட்டையைக் கையோடு எடுத்துப்போகத்தான் அண்ணாச்சிக்கு ஆசை. அம்மா விடவில்லை. “அவுக காய் உள்ள நிக்குதுங்க. வேற போட்டு அனுப்புவா” என்றாள். அந்த வாரமே புதிதாக ஒன்று வரைந்து, ஒன்பதாவது விதியாக ரிலீவர் விதியைச் சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு தையல் கிளாஸ் பற்றி யாரும் பேசவில்லை.

மஞ்சள் கொட்டை

அப்பா இரண்டாவது ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்தார். அன்று நான் வாசலில் நிற்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இருந்தேன். என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய முன்னேற்றம்.

“கலியபெருமாளுக்குப் பொண்ணு” என்றார் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. “என்னைப் பாத்ததும் கும்பிட்டுட்டு ஓடினான். தூக்குவாளிய விட்டுட்டே ஓடிட்டான்.”

“சிவகாசிக்காரர் எடுத்துக்கிட்டார்ப்பா.”

அவர் தலையாட்டினார். பாயில் அப்படியே கிடந்த அட்டையைப் பார்த்து, “நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார்.

“மைன்ஸ்லதான்.”

“சரி. இன்னொரு நாள் முடிச்சிக்கலாம்.”

அந்த இன்னொரு நாள் தள்ளிக்கொண்டே போனது. அப்பாவுக்கும் வேலாயுதம் அண்ணனுக்கும் ஒரே சமயம் ஓய்வு கிடைக்கவில்லை. ஒருவருக்குக் காலை ஷிப்ட் என்றால் இன்னொருவருக்கு இரவு. அட்டையைக் காய்களோடு அலமாரியின் மேல்தட்டில் படுக்கையாக வைத்திருந்தோம். மஞ்சள் கொட்டை உருண்டு விழாமலிருக்க ஒரு சொட்டுப் பசை வைத்தேன்.

அப்பா ரிட்டையர் ஆன நாளில் மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தார். எல்லோரும் போன பிறகு நான் அட்டையை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். சொசைட்டிப் பெட்டிக்காரியான எனக்கு அந்த ஆட்டத்தில் காய் கிடையாது. அதனால் புதிதாக ஒரு முந்திரிக்கொட்டைக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்து வைத்திருந்தேன்.

“அப்பா, நான் மைன்ஸுக்கு வரேன். நீங்க வெளிய வாங்க.”

அவர் ஆரஞ்சுக் கொட்டையை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காதில் பெல்ட் சத்தம் தங்கிப்போய் அப்போதெல்லாம் அவருக்குப் பாதிதான் கேட்கும். நான் சொன்னது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது.

“வேணாம்மா. நீ உள்ள வந்து மாட்டிக்காதே.”

“ஆட்டம் முடியணும்லப்பா?”

“எப்படி முடியும்? கம்மல் கடன் நிக்குதுல்ல. கடன் இருக்கிறவனை சொசைட்டிக்காரன் விடமாட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். ஆரஞ்சுக் கொட்டையைத் துண்டில் துடைத்து என் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

அப்பா போய் வருஷங்கள் ஆகின்றன. அட்டை இப்போது சென்னையில் என் மேஜைக்கு எதிரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. நகைக்கடையின் தங்கத்தாள் மங்கிவிட்டது. மஞ்சள் கொட்டை மைன்ஸ் கட்டத்திலேயே நிற்கிறது. சங்கு கேட்காத ஊரில்கூட மத்தியானம் இரண்டு மணி ஆனால் ஒருமுறை திரும்பி அதைப் பார்த்துக்கொள்வேன். சொசைட்டிப் பெட்டியும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு சம்பளத்தில் இருபது பிடித்தது போக, மகளுக்கு வாங்கிய கம்மல் கணக்கில் அப்பா இன்னும் கட்டவேண்டியது நூற்று நாற்பது ரூபாய்.